காய்ச்சல் போச்சு, தலை இன்னும் வரலை



மழைக்காலக் காய்ச்சல்களைப் பற்றிப் போன மாதம் ஒரு கட்டுரை வெளியிட்டோம். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காய்ச்சலைப் பற்றியே இல்லை. காய்ச்சல் போன பிறகு என்ன ஆனது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். டெங்கு, சிக்குன்குனியா, ஃப்ளூ, கொரோனா என்று கடிதத்துக்குக் கடிதம் நோயின் பெயர் மாறுகிறது. அதற்கு அடுத்து வரும் வரி மட்டும் ஏறக்குறைய ஒன்றேதான்: காய்ச்சல் போச்சு, தலை இன்னும் வரலை.

அருப்புக்கோட்டைப் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் ஒரு வாசகி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். ஜாக்கெட் தைப்பதில் இருபது வருஷக் கை. கொரோனா வந்துபோன பிறகு, டேப்பில் பார்த்த எண் சாக்பீஸை எடுப்பதற்குள் போய்விடுகிறதாம். மறுபடி டேப்பைப் பிடிக்கிறார், மறுபடி போய்விடுகிறது. சரி, எழுதிவைத்துக்கொள்ளலாம் என்றால் அளவு நோட்டில் எந்த வரி யாருடையது என்று குழம்புகிறது. ஒரு கல்யாணப் பட்டு ஜாக்கெட்டில் முன்கழுத்து இறக்கத்தைப் பின்கழுத்துக்கு வெட்டிவிட்டு, துணிக்குக் கையிலிருந்து காசு கொடுத்திருக்கிறார். “கழுத்துல டேப்பைப் போட்டுக்கிட்டே டேப்பைத் தேடுறேன். கஸ்டமர் சிரிக்கிறாங்க, நானும் சிரிக்கிறேன், அவங்க போனப்புறம் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு அழுறேன்” என்று எழுதியிருக்கிறார்.

அவருடைய கேள்வி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் கைபேசியில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து அனுப்பியிருக்கிறாள். நியூரோஃபீட்பேக் என்று பெயர். தலையில் ஒயரை ஒட்டி, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து மூளைக்கே பயிற்சி கொடுக்கிறார்களாம். நாற்பது சிட்டிங். மருந்து கிடையாது, ஊசி கிடையாது. “போகலாமா, வேண்டாமா? நீங்க சொன்னா செய்றேன்.”

நான் சொன்னால் செய்கிறேன் என்கிற வரியைப் படித்துக் கொஞ்சம் பயந்துதான் போனேன். நான் மருத்துவர் இல்லை. படிப்பதும், விசாரிப்பதும், தெரிந்ததை உங்களுக்குப் புரிகிறபடி சொல்வதும்தான் இந்த நாற்காலியின் வேலை. அந்த அளவில் பேசுகிறேன்.

முதலில் வீட்டில் இருப்பவர்களுக்கு: இது பாசாங்கு இல்லை. “நினைச்சுக்கிட்டே இருந்தா அப்படித்தான் இருக்கும்” என்று கணவர் சொல்வதாக மூன்று நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். டாக்டரும் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்று அனுப்பிவிட்டாராம். இந்த அவமானத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் இனம் தெரியாத ஒரு நோய் பரவி, அங்கே வேலை பார்த்தவர்களில் 292 பேர் படுத்துவிட்டார்கள். மருத்துவமனையையே சில மாதங்கள் மூடவேண்டி வந்தது. பலருக்குக் களைப்பும் தலைமந்தமும் மாதக்கணக்கில் தொடர்ந்தன. எந்தக் கிருமி என்று பிடிபடவில்லை. 1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள், நோயாளிகளில் ஒருவரைக்கூட நேரில் விசாரிக்காமல் பழைய குறிப்புகளை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு, அது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். அதற்கு அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று, பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பது. நர்ஸுகள் நிறைந்த இடத்தில் வேறு யார் அதிகமாக இருப்பார்கள்? அந்த இருவரின் முடிவைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ வருஷம் எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கொரோனாவுக்குப் பிறகு அப்படி அனுப்புவது கடினமாகிவிட்டது. பாதிக்கப்பட்டவர்களில் டாக்டர்களும் இருந்தார்கள் என்பது ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவுக்குப் பிறகும் நீடிக்கும் இந்தத் தொல்லையை ஒரு நிலையாக வரையறுத்தது. நோய் கண்டு மூன்று மாதம் கழிந்த பிறகும் தொல்லை இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு மாதமாவது அது நீடித்திருக்க வேண்டும், வேறு எந்தக் காரணத்தாலும் அதை விளக்க முடியாமல் இருக்க வேண்டும். களைப்பு, மூச்சுத் திணறல் இவற்றோடு நினைவு, கவனம் இவற்றின் குறையும் அந்த வரையறையிலேயே இருக்கிறது.

பிறகு அளந்தும் பார்த்தார்கள். இங்கிலாந்தில் 1,12,964 பேரைக் கணினியில் நினைவாற்றல், கவனம், திட்டமிடல் ஆகியவற்றுக்கான சோதனைகளைச் செய்யச் சொல்லி 2024இல் முடிவை வெளியிட்டது லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு. கொரோனாவே வராதவர்களோடு ஒப்பிட்டால், வந்து குணமானவர்களுக்கு ஐக்யூ கணக்கில் சுமார் 3 புள்ளி குறைவு. தொல்லை இன்னும் தீராதவர்களுக்கு சுமார் 6 புள்ளி. தையல்கார வாசகி போன்றவர்களுக்கு அந்த ஆய்வில் ஒரு நல்ல சேதியும் இருந்தது. மாதக்கணக்கில் அவதிப்பட்டு, பிறகு தொல்லை தீர்ந்தவர்களின் மதிப்பெண், சீக்கிரமே தேறியவர்களுடைய மதிப்பெண்ணை ஒட்டியே இருந்தது. நெடுநாள் மந்தம் என்றால் நிரந்தர மந்தம் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை.

உள்ளே என்னதான் நடக்கிறது? ரத்தத்தில் ஓடுகிற எல்லாவற்றையும் மூளைக்குள் விடாமல் தடுக்கிற ஒரு சுவர் ரத்தக் குழாய்களிலேயே இருக்கிறது. மூளை மந்தம் உள்ள நோயாளிகளுக்கு அந்தச் சுவர் கசிவதை அயர்லாந்தின் டப்ளினில் ஸ்கேன் எடுத்துக் காட்டினார்கள். அமெரிக்காவில் மிஷெல் மோன்ஜேயும் அகிகோ இவாசாகியும் சேர்ந்து நடத்திய எலி ஆய்வு இன்னும் விசித்திரம். கிருமி நுரையீரலோடு நின்றுவிட்டது, மூளைக்குள் போகவே இல்லை. ஆனாலும் மூளையில் காவல் வேலை பார்க்கும் செல்கள் விழித்துக்கொண்டு, காய்ச்சல் போன பிறகும் அடங்காமல் இருந்தன. கீமோதெரபி எடுத்தவர்களுக்கு வரும் மந்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர் மோன்ஜே. இரண்டும் ஒரே சாயலில் இருப்பதை முதலில் கவனித்தவர்களில் அவர் ஒருவர்.

இனி அந்த விளம்பரத்துக்கு வருகிறேன்.

மூளையின் மின்னோட்டத்தை மண்டைக்கு வெளியிலிருந்தே பதிவு செய்ய முடியும் என்று முதலில் காட்டியவர் ஜெர்மனியின் ஜெனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1924இல் பதிந்தார், நம்பமாட்டார்கள் என்று தயங்கித் தயங்கி 1929இல்தான் வெளியிட்டார். இளவயதில் ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து சாவின் விளிம்புக்குப் போய்த் தப்பியவர் அவர். அன்று மாலையே வீட்டிலிருந்து தந்தி வந்ததாம், அக்காவுக்கு ஏதோ மனசு சரியில்லை, நீ நலமா என்று. மூளையிலிருந்து ஏதோ கிளம்பிப் போய் அக்காவைத் தொட்டிருக்கிறது என்று நம்பி அதைத் தேடப் புறப்பட்டார். அது கிடைக்கவில்லை. இன்று உலகம் முழுக்க எடுக்கப்படும் ஈஈஜி கிடைத்தது.

பயிற்சியாக மாறிய கதை பூனைகளிடமிருந்து வருகிறது. 1960களில் லாஸ் ஏஞ்சலிஸில் பாரி ஸ்டெர்மன் என்ற ஆராய்ச்சியாளர் பூனைகளைக் கூண்டில் வைத்துத் தூக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். நெம்புகோலை அழுத்தினால் உணவு. ஆனால் ஒரு ஒலி நின்ற பிறகுதான் அழுத்த வேண்டும். பூனை அசையாமல், ஆனால் முழுக் கவனத்தோடு காத்திருக்கும் அந்தச் சில கணங்களில், மூளையின் ஒரு பகுதியில் விநாடிக்கு 12 முதல் 15 வரை அலைகள் எழுவதைக் கண்டார். பிறகு நெம்புகோலையே எடுத்துவிட்டார். அந்த அலை வந்தால் உணவு. பூனைகள் அலையை வரவழைக்கக் கற்றுக்கொண்டன.

அதோடு நின்றிருந்தால் அது ஒரு வேடிக்கை. சிறிது காலம் கழித்து, ராக்கெட் எரிபொருள் ஒன்றின் நச்சுத்தன்மையை அமெரிக்க விமானப்படைக்காக ஆராயும் வேலை அதே ஸ்டெர்மனிடம் வந்தது. அந்த ரசாயனம் உடம்பில் ஏறினால் வலிப்பு வரும். பூனைகளுக்குச் செலுத்திப் பார்த்தார். சில பூனைகளுக்கு மட்டும் வலிப்பு தாமதமாக வந்தது, சிலவற்றுக்கு வரவே இல்லை. எவை என்று பார்த்தால், முந்தைய பரிசோதனையில் பயிற்சி பெற்ற பூனைகள். அவற்றைத் திரும்பப் பயன்படுத்தியது ஆய்வகச் சிக்கனத்தால் நேர்ந்த தற்செயல். பூனைக்கு நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்றெல்லாம் இல்லை. டாக்டர் நல்லவர் என்று அது நினைப்பதில்லை. அதனால்தான் இந்தக் கதைக்கு அன்றும் இன்றும் மதிப்பு. 1972இல் வலிப்பு நோய் இருந்த ஓர் இளம்பெண்ணுக்கு இதே பயிற்சியைக் கொடுத்து வலிப்பு குறைந்ததாக ஸ்டெர்மன் எழுதினார். அதன் பிறகு கவனக்குறைவுள்ள குழந்தைகள், தூக்கமின்மை, பதற்றம் என்று கிளை விரிந்து, இப்போது கொரோனா மந்தம் வரைக்கும் வந்திருக்கிறது.

ஒரு மையத்துக்கு நானே போய் உட்கார்ந்து பார்த்தேன். பெயர் வேண்டாம், நல்லவிதமாகவே நடத்தினார்கள். ஏசி அறை, சாய்வு நாற்காலி. ஒரு பெண் வந்து உச்சந்தலையில் முடியை வகிடு பிரித்து, சொரசொரப்பான களிம்பால் தோலைத் தேய்த்து, பற்பசை போன்ற பேஸ்ட்டில் ஒரு சிறு வட்டத்தகட்டை அமுக்கிவைத்தார். இரண்டு காது மடல்களிலும் கிளிப். மின்சாரம் எதுவும் உள்ளே போகாது, உங்களுடையதை மட்டும்தான் படிக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார், அது உண்மைதான். அப்படிப் படிப்பது எவ்வளவு என்றால், டார்ச் லைட்டுக்குப் போடும் ஒரு செல்லின் மின்னழுத்தத்தில் லட்சத்தில் ஒரு பங்கு போல. திரையில் ஒரு மலைப்பாதைப் படம் ஓடியது. அவர்கள் விரும்பும் அலை வந்தால் படம் பளிச்சென்று ஓடும், வராவிட்டால் மங்கும். என்ன செய்தால் பளிச்சிடும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை, சொல்லித்தரவும் முடியாது. சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு பாடப் பழகுகிற குழந்தைக்குத் தொண்டையில் எந்தத் தசையை இறுக்குவது என்று யார் சொல்கிறார்கள்? காதில் சேரும்வரை தேடுகிறது, ஒரு கட்டத்தில் சேர்ந்துவிடுகிறது. அந்த வகைப் படிப்பு இது.

நடுவில் விஷமமாக ஒன்று செய்து பார்த்தேன். பல்லைக் கடித்தேன். திரையின் ஓரத்தில் இருந்த கோடு கூரைக்கு எகிறிப் படம் இருண்டது. கண்ணைச் சிமிட்டினாலும் கோடு துள்ளியது. தாடைத் தசையின் மின்சாரம் மூளை அலையைவிடப் பல மடங்கு பெரிது. அப்படியானால் படம் பளிச்சென்று ஓடியபோது நான் கற்றுக்கொண்டது மூளையை அடக்கவா, தாடையைத் தளர்த்தவா? அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “ரெண்டுமேதான் சார்” என்றார். நேர்மையான பதில். அரைமணி நேரம் முடிந்து எழுந்தபோது தோளெல்லாம் இறங்கி, நிஜமாகவே லேசாக இருந்தது. கைபேசியைத் தொடாமல் அத்தனை நேரம் நான் சும்மா உட்கார்ந்து நாளாயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

லேசாக இருந்தது என்பது வேறு, மூளை மந்தத்தைத் தீர்க்கும் என்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விளம்பரங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

எனக்குக் கிடைத்த வரையில் கொரோனா மந்தத்துக்கு நியூரோஃபீட்பேக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் சிறியவை. செக் நாட்டில் 2022இல் வெளியான ஒன்றில் ஆட்கள் பத்துப் பேர் அளவுதான். களைப்பும் பதற்றமும் குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள். ஆனால் பயிற்சி எடுக்காத ஒரு குழு பக்கத்தில் இல்லை. அந்த வாரங்களில் எதுவும் செய்யாமலே தேறியிருப்பார்களா என்று அதை வைத்துச் சொல்ல வழியில்லை.

பக்கத்தில் குழு வைத்துப் பார்த்தால் என்ன ஆகிறது என்பதற்கு வேறு நோய்களில் உதாரணம் உண்டு. கவனக்குறைவுள்ள குழந்தைகள் 144 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். 7 முதல் 10 வயதுக் குழந்தைகள். ஒரு பிரிவுக்கு உண்மையான பயிற்சி. மற்றப் பிரிவுக்கும் அதே நாற்காலி, அதே ஒயர், அதே விளையாட்டு. ஆனால் திரையை நடத்தியது அந்தக் குழந்தையின் அலை இல்லை, முன்பே பதிவு செய்துவைத்த வேறொரு பதிவு. எது அசல், எது போலி என்று குழந்தைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. முடிவில் இரண்டு பிரிவுமே நன்றாகத் தேறின. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தேற்றம் நின்றிருந்தது. ஆனால் இரண்டுக்கும் இடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. தூக்கமின்மைக்கு ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்கில் செய்ததும் இதே கதை. கவனக்குறைவு பற்றிய 38 ஆய்வுகளைச் சேர்த்து 2024 கடைசியில் ஒரு தொகுப்பு வந்தது. மொத்தத்தில் பெரிய பயன் தெரியவில்லை என்றது. நம் பக்கத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸில் தலைக்காயம் பட்டவர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்து நினைவும் கவனமும் மேம்பட்டதாக எழுதியிருக்கிறார்கள். அங்கே இதை நடத்துவது நரம்பியல்-உளவியல் படித்தவர்கள், முழுச் சோதனைகளும் செய்த பிறகு. விளம்பரத்தில் பார்க்கிற கடைக்கும் அதற்கும் உள்ள தூரம் இதுதான்.

வாசகர்களில் சிலர் இந்த இடத்தில், அப்படியானால் ஏமாற்று வேலை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 144 குழந்தைகளில் போலிப் பிரிவும் தேறியது என்ற விஷயத்தைப் படித்ததிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தேறியது போலி இல்லையே. அலை இல்லையென்றால் எது தேற்றியது? வாரத்தில் சில நாள், குறித்த நேரத்தில், சத்தமில்லாத ஓர் அறை. எதிரே ஒருவர். “போன தடவைக்கு இப்போ எப்படி இருக்கு? நேற்று தூங்கினீங்களா?” என்று கேட்டு, பதிலை எழுதிக்கொள்கிறார். தொல்லை உண்மையானது என்று ஒரு கம்ப்யூட்டர் திரையே ஒத்துக்கொள்கிறது. அந்த அரைமணியில் அடுப்படி கூப்பிடாது. காலமும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கொரோனா மந்தத்துக்கென்றே அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 328 பேரை வைத்து, கணினிப் பயிற்சி, தலையில் மெல்லிய மின்சாரம் என்று வெவ்வேறு சிகிச்சைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. நியூரோஃபீட்பேக் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் முடிவு அங்கேயும் இதுதான்: எல்லாப் பிரிவும் கொஞ்சம் தேறியது, எந்தச் சிகிச்சையும் மற்றதை முந்தவில்லை.

நாற்பது சிட்டிங்குக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி எதை வாங்குகிறது என்று இப்போது யோசித்துப் பாருங்கள். அதில் பாதியையாவது வீட்டிலேயே கொடுக்க முடியாதா என்பதுதான் என் ஆதங்கம். மந்தம் உள்ளவரிடம் பேசும்போது மிக்ஸியை நிறுத்துங்கள், சீரியலை நிறுத்துங்கள். பின்னணிச் சத்தத்தை வடிகட்டுவதற்கே அவருடைய பாதிச் சக்தி போய்விடுகிறது. ஒரு நேரத்தில் ஒரு விஷயம் கேளுங்கள். கேஸ் புக் பண்ணியாச்சா, பால்காரருக்குக் கொடுத்தாச்சா, அத்தைக்கு போன் போட்டியா என்று மூன்றை அடுக்கினால் மூன்றும் விழும். “அன்னிக்கே சொன்னேனே” என்ற வாக்கியத்தைக் கொஞ்ச காலத்துக்குப் பரணில் போடுங்கள்.

மையத்துக்குப் போகுமுன் செய்யவேண்டிய வேலைகள் வேறு இருக்கின்றன, அவை மலிவானவையும்கூட. மந்தத்துக்குக் கொரோனாதான் காரணம் என்று நாமே முடிவு கட்டிவிடுவதில் ஆபத்து உண்டு. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 குறைவு ஒவ்வொன்றும் இதே மாதிரி மந்தத்தைக் கொடுக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கும் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 இறங்குவது சாதாரணம். தூக்கம் வரவைக்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரைகளை இருமலுக்கென்று தினமும் போட்டுக்கொண்டே தலை மந்தமாக இருக்கிறதென்று தவிக்கிறவர்களும் உண்டு. பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிக்கிறவர் பகலில் எப்படித் தெளிவாக இருப்பார்? இவற்றையெல்லாம் டாக்டரிடம் பட்டியல் போட்டுக் கேளுங்கள். திடீரென்று பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ, இதுவரை வராத கடுமையான தலைவலி வந்தாலோ, இந்தப் பக்கத்தை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இன்னொன்று, டாக்டர்களே சில சமயம் விட்டுவிடுவது. எழுந்து நின்றால்தான் தலை மங்குகிறதா என்று கவனியுங்கள். பத்து நிமிஷம் படுத்திருந்து நாடித் துடிப்பை எண்ணி, எழுந்து சுவரில் லேசாகச் சாய்ந்து நின்று பத்து நிமிஷம் வரைக்கும் மறுபடி மறுபடி எண்ணினால் தெரிந்துவிடும். பக்கத்தில் ஆள் இருக்கட்டும், மயக்கம் வரலாம். பெரியவர்களுக்குத் துடிப்பு 30 அல்லது அதற்கு மேல் ஏறி அப்படியே நின்றால் அந்தக் குறிப்பை டாக்டரிடம் காட்டுங்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இப்படி ஆவது உண்டு, அதற்கு மருத்துவமும் உண்டு. நின்றுகொண்டே துணி வெட்டுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

பயிற்சி என்ற சொல்லே சிலருக்கு ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இன்று கொஞ்சம் தெம்பாக இருக்கிறதே என்று அலமாரியை ஒழித்து வைத்துவிட்டு, நாளையோ மறுநாளோ எழுந்திருக்கவே முடியாமல் போகிறதா? உடனே களைத்தால் கண்டுபிடித்துவிடலாம். ஒருநாள் தள்ளி வருவதால் காரணம் பிடிபடுவதில்லை. அப்படிப்பட்டவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டச் சொல்லி வந்ததை 2021இல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் கைவிட்டது. அவர்களுக்குச் சொல்லும் வழி, சக்தி தீருமுன்பே நிறுத்திவிடுவது. இரண்டு ஜாக்கெட் வெட்ட முடியும் என்று தோன்றுகிற நாளில் ஒன்றோடு எழுந்துவிடுவது. மூளை வேலையும் இதே கணக்கில்தான் சேரும். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், அரைமணி நேரம் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, வெயிலில் திரும்பி வருவதை வாரம் மூன்று முறை செய்தால், சிகிச்சையில் கிடைப்பதைப் பயணமே தின்றுவிடாதா?

இவ்வளவுக்குப் பிறகும் போய்ப் பார்க்கத் தோன்றினால் போகவே கூடாது என்று சொல்லமாட்டேன். பெரிய கெடுதல் நேர்வதாகத் தெரியவில்லை. சிலருக்குப் பயிற்சிக்குப் பிறகு தலைவலியோ அசதியோ வரலாம். வலிப்பு நோய் இருப்பவர்கள் நரம்பியல் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம். உள்ளே நுழைந்ததும், இதை நடத்துகிறவர் என்ன படித்தவர் என்று தயங்காமல் கேளுங்கள். என் எந்த அலையை மாற்றப் போகிறீர்கள், ஏன் அதை, தாடை அசைவையும் கண் சிமிட்டலையும் எப்படிக் கழிக்கிறீர்கள் என்று கேளுங்கள். தெரிந்தவர் சந்தோஷமாகச் சொல்வார், தெரியாதவர் கோபப்படுவார். வண்ண வண்ணமாக மூளைப் படம் ஒன்றை அச்சடித்துக் கொடுத்து, இந்தச் சிவப்புதான் உங்கள் மந்தம் என்றால் நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் இந்த வகைக் கருவிகளுக்குக் கொடுத்திருக்கும் பொதுவான அனுமதி, மனத்தையும் உடலையும் தளர்த்தும் பயிற்சிக்குத்தான். நாற்பது சிட்டிங்குக்கும் முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். முதலில் சில தடவைக்கு மட்டும் கட்டுங்கள். போகுமுன், தினம் செய்யும் ஒரு வேலையை எடுத்து, அதில் எத்தனை தடவை தடுமாறுகிறீர்கள் என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். அளவு நோட்டின் பின்பக்கம் போதும். பயிற்சி நடக்கும்போதும் குறியுங்கள். அவர்களுடைய வரைபடம் என்ன சொன்னாலும் உங்கள் குறிப்பு என்ன சொல்கிறதோ அதன்படி தொடருங்கள் அல்லது நிறுத்துங்கள்.

தையல்கார வாசகிக்குத் தனியாகவும் பதில் போட்டிருக்கிறேன். முதலில் ரத்தப் பரிசோதனை, அதன் பிறகு மற்றது என்று.

அடுத்த இதழில் தூக்கத்தைப் பற்றி நான்கைந்து பக்கம் வருகிறது. நரம்பியல் மருத்துவர் ஒருவர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார். இந்த மந்தத்தோடு வேலையை ஓட்டுவதற்கு நீங்களாகக் கண்டுபிடித்த வழிகள் இருந்தால் எழுதுங்கள். நாலு வரி போதும். எழுத உட்கார்ந்தால் தலை சுற்றுகிறவர்கள் சொல்லச் சொல்ல வீட்டில் யாரையாவது எழுதச் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாமென்றால் ஊரை மட்டும் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்